போனைப் பிடுங்கினால் ஒழுக்கம் வந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான த்ரெட். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உள்ளவர்களும், பள்ளிக்கூடம் நடத்துபவர்களும், ஆசிரியர்களும் நேரம் ஒதுக்கிப் படிங்க. கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பத்தாம் வகுப்புப் பெண். மூன்று வாரத்தில் மூன்றாவது முறையாக "ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டா சார்" என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹீமோகுளோபின் பார்த்தோம், 11.8. சுகர் நார்மல். ஈசிஜி நார்மல். காலையில் சாப்பிடாமல் வருகிறாளா என்று கேட்டேன். "ஒரு வாரமா ராத்திரியும் சாப்பிடறதில்ல சார்" என்றார் அம்மா. தினக்கூலிக்குப் போகிறவர். பெண்ணைக் காண்பிப்பதற்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

(அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஊர், விவரங்களை மாற்றியிருக்கிறேன். "எந்த ஸ்கூல் டாக்டர்?" என்று கமெண்டில் கேட்காதீங்க. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ பள்ளியையோ வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23வது பிரிவின்படி குற்றம். ஆர்வத்தில் கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.)

என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சலைன் போட்டுப் படுக்க வைத்திருந்தபோது எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே ஏதோ கேட்டார்கள். அரைமணி நேரம் கழித்து என் அறைக்கு வந்து, "சார், இது மயக்க கேஸ் இல்ல" என்றார்கள்.

வகுப்புப் பையன் ஒருவன் அவள் போட்டோவை ஏதோ ஒரு ஏஐ ஆப்பில் போட்டு, உடையில்லாத படமாக மாற்றியிருக்கிறான். நாலு நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறான். அங்கிருந்து பையன்கள் மட்டும் இருக்கிற கிளாஸ் குரூப்புக்கு, அங்கிருந்து டியூஷன் குரூப்புக்கு. அவளுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு தோழி, "நீ பயப்படாத, அது நீ இல்லன்னு எனக்குத் தெரியும்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். அந்த ஆறுதலில்தான் விஷயமே தெரிந்திருக்கிறது.

இப்போ உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் ஒரு கேள்வி வந்திருக்கும். "இந்தப் பொண்ணு ஏன் போட்டோவை இன்ஸ்டாவுல போட்டா?"

அவளிடம் போனே கிடையாது. வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் அம்மாவுடையது, பட்டன் போன்.

அந்த போட்டோவைப் போட்டது பள்ளிக்கூடம். ஆண்டு விழாவில் ஆடிய படம். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், டவுன்லோட் செய்யலாம் என்று திறந்து போட்ட ஆல்பத்தில் இருந்து எடுத்திருக்கிறான் பையன். அந்தப் பெண்ணையோ அம்மாவையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டா ஏற்றினார்கள்? அட்மிஷன் விளம்பரத்துக்கு முகம் தேவைப்பட்டது, போட்டுவிட்டார்கள்.

சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தோம். கொடுத்தே ஆகவேண்டும். போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, டாக்டராக இருந்தாலும் ஹெட்மாஸ்டராக இருந்தாலும். ஆனால் எங்களுக்கு முன்பே, ஒரு வாரத்துக்கு முன்பே, பள்ளிக்கு விஷயம் தெரியும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அம்மாவைக் கூப்பிட்டு, "பொண்ணு கொஞ்ச நாள் லீவு எடுக்கட்டும்மா, விஷயம் ஆறிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பையனின் அப்பாவைக் கூப்பிட்டு டீசி கொடுப்போம் என்று மிரட்டி, அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் ஃபைலுக்குள் வைத்துவிட்டார்கள். தப்பு செய்தவன் வகுப்பில். பாதிக்கப்பட்டவள் வீட்டில். இதற்குப் பெயர் காம்ப்ரமைஸ்.

அதன்பிறகு ஒரு "சைபர் விழிப்புணர்வு நிகழ்ச்சி" நடத்தினார்கள். வெளியில் இருந்து ஒருவர் வந்து மைக் பிடித்து, பெண் பிள்ளைகள் எல்லாம் போட்டோ போடக்கூடாது, போனைத் தொடக்கூடாது, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து உறுதிமொழி எடுக்க வைத்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நிகழ்ச்சியின் படங்களை அன்று மாலையே அதே ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் முகமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

இதை மூடத்தனம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற பெயரில் நம்மூரில் நடப்பது மூன்றே மூன்றுதான். போனைப் பிடுங்குவது, பெண் பிள்ளைகளுக்கு அறிவுரை, வருடத்துக்கு ஒருமுறை உறுதிமொழி. இந்த மூன்றிலும் அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை இருக்கிறதா பாருங்க. கிடையாது. படத்தைச் செய்தவனுக்கும் பாடம் இல்லை, பரப்பியவனுக்கும் இல்லை, பார்த்துவிட்டுச் சும்மா இருந்த முப்பது பேருக்கும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து வேறு ஒரு பள்ளிக்கு ரத்தசோகை பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை எல்லாம் பேசி முடித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் மட்டும் தனியாக ஒரு கேள்வி கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்கு உங்க குரூப்ல, உங்க கூடப் படிக்கிற பொண்ணோட தப்பான படம் ஒண்ணு வருது. என்ன பண்ணுவீங்க?"

முதலில் சிரிப்பு. அப்புறம் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். டிலீட் பண்ணிடுவேன் சார். எக்ஸிட் ஆயிடுவேன் சார். பார்க்காத மாதிரி இருந்துப்பேன் சார். சரி, யாராவது டீச்சர்கிட்டயோ வீட்டிலோ சொல்வீங்களா என்றேன். ஒரு கை கூடத் தூக்கவில்லை. ஏன் என்றதற்குக் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் சொன்ன பதில் இன்னமும் காதில் இருக்கிறது.

"சொன்னா முதல்ல என் போனைத்தான் சார் புடுங்குவாங்க."

எவ்வளவு சரியாகச் சொல்கிறான் பாருங்க. நாம் கட்டி வைத்திருக்கும் அமைப்பு இதுதான். சொல்பவனுக்குத் தண்டனை, மறைப்பவனுக்கு நிம்மதி. பாம்புக்கடி கேஸில் இதைத் தினம் பார்க்கிறேன். கடித்ததும் நேராக மந்திரிக்கப் போயிருப்பார்கள், பச்சிலை கட்டியிருப்பார்கள், கயிறு இறுக்கியிருப்பார்கள். என்னிடம் சொல்ல மாட்டார்கள். "டாக்டர் திட்டுவார்" என்ற பயம். எப்போ கடிச்சது என்றால் "இப்பதான் சார்" என்பார்கள். உண்மையில் மூன்று மணி நேரம் போயிருக்கும். அந்த மூன்று மணி நேரத்தை அவர்கள் வாயை மூட வைத்தது எங்கள் திட்டுதான். அதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் பாம்புக்கடி கேஸில் யாரையும் திட்டுவதில்லை. பள்ளிக்கூடங்களும் வீடுகளும் எப்போது புரிந்துகொள்ளப் போகின்றன?

சரி, பையன்களுக்கு என்ன தெரியாது? சட்டம் தெரியாது. "நான் எடுக்கலையே சார், ஃபார்வர்ட் தானே பண்ணேன்" என்பதுதான் எல்லோருடைய வாதமும். ஐடி சட்டம் 67பி பிரிவில் குழந்தைகளைப் பாலியல்ரீதியாகக் காட்டும் படத்தை வெளியிடுவதும் குற்றம், அனுப்புவதும் குற்றம். முதல் தடவையே ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் குழந்தைதான். "அது நிஜப் படம் இல்லையே, ஏஐ தானே" என்பார்கள். போக்சோவில் 2019இல் கொண்டுவந்த திருத்தத்திலேயே கம்ப்யூட்டரில் உருவாக்கியது, மாற்றியமைத்தது, குழந்தையைப் போலத் தோன்றுவது எல்லாம் சேர்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"சும்மா வெச்சிருந்தேன், யாருக்கும் அனுப்பல" என்பவர்களுக்கு நம்ம சென்னையில் தொடங்கிய வழக்கே இருக்கிறது. ஓர் இளைஞரின் போனில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட வீடியோக்கள் இருந்தன. தனியாகப் பார்த்தது குற்றம் ஆகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே வருடம் செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அழிக்காமல், புகார் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோ 15வது பிரிவுக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று விளக்கமாகச் சொன்னது. இன்னொன்றும் சொன்னது. "சைல்ட் போர்னோகிராஃபி" என்று சொல்லாதீர்கள், அது குழந்தையின் மீது நடந்த கொடுமையின் பதிவு, அப்படியே அதைக் குறிப்பிடுங்கள் என்று. பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை யாராவது பிரேயரில் வாசித்தார்களா? தலைப்புச் செய்தியோடு போயிற்று.

ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது மட்டுமே பாடம் என்றும் நான் நினைக்கவில்லை. அந்தப் பதினைந்து வயதுப் பையனைச் சிறையில் போடச் சொல்பவன் இல்லை நான். அவன் வழக்கு போக வேண்டிய இடம் சிறார் நீதிக் குழுமம், அங்கேதான் போகும். எனக்குக் கவலை, அந்தப் படத்தைச் செய்யும்போது அவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதுதான். ஒன்றுமே ஓடியிருக்காது. ஃபில்டர் போடுகிற மாதிரி போட்டிருப்பான். அந்தப் பக்கம் ஒரு பெண் சோறு இறங்காமல் கிடப்பாள் என்று யோசிக்கும் பழக்கத்தை யாரும் அவனுக்குக் கொடுக்கவே இல்லை.

2023 செப்டம்பரில் ஸ்பெயினில் அல்மெந்த்ராலெஹோ என்ற சிறிய ஊரில் இதேதான் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளின் படங்களை உடன் படிக்கும் பையன்களே ஏஐ ஆப்பில் போட்டு வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஒருத்தியின் அம்மா டாக்டர், பெண்கள் நல மருத்துவர். அவர் வீட்டுக்குள் அழுதுகொண்டு உட்காரவில்லை. இன்ஸ்டாகிராமில் நேரடியாக வந்து, இது உங்கள் தவறில்லை, பயப்படாதீர்கள், அம்மாக்களிடம் சொல்லுங்கள் என்று மற்ற பெண் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். அதற்குப் பிறகுதான் விஷயம் நாடு முழுக்கத் தெரிந்தது.

2024இல் அங்குள்ள சிறார் நீதிமன்றம் 15 மாணவர்களுக்கு ஒரு வருடக் கண்காணிப்புத் தண்டனை கொடுத்தது. கூடவே ஒரு உத்தரவு. பாலினச் சமத்துவம் பற்றியும், தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றியும் அவர்கள் வகுப்புக்குப் போக வேண்டும். இரண்டு தடவை படித்தேன் இதை. குற்றம் நடந்து, விசாரணை நடந்து, தீர்ப்பு வந்த பிறகு ஒரு நீதிபதி பாடம் நடத்தச் சொல்கிறார். அந்தப் பாடத்தை ஏழாம் வகுப்பில் நடத்தியிருந்தால் என்ன?

இப்போ என் கதை ஒன்று. நான் மட்டும் யோக்கியன் என்று நினைத்துவிடாதீங்க.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, முகத்தில் அரிதான கட்டியோடு ஒரு அம்மா அட்மிட் ஆனார். நல்ல கேஸ் என்று போட்டோ எடுத்து, கண்ணைக்கூட மறைக்காமல், பேட்ச் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஐம்பது பேர் "டயக்னோசிஸ் என்ன மச்சி" என்று குதூகலமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் அசிஸ்டென்ட் ப்ரொபஸர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. "அந்தம்மாகிட்ட கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. "போய் அவங்ககிட்டயே சொல்லிட்டு வா" என்றார். போனேன். சொன்னேன். அந்த அம்மா, "இந்த மூஞ்சிய யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே தம்பி முக்காடு போட்டுக்கிட்டு வந்தேன்" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபாரன்சிக் பரீட்சையில் "மருத்துவரின் தொழில் ரகசியம்" என்ற கேள்விக்கு அரைப்பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். விதி எனக்கு மனப்பாடம். கையில் போன் இருந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. எங்கள் காலத்துக்குப் பிறகு, 2019இல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே நெறிமுறைக்கும் நோயாளியிடம் பேசும் விதத்துக்கும் தனியாகப் பகுதி சேர்த்தார்கள். கேஸ் கொடுத்து, நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று உட்காரவைத்துப் பேசுகிறார்கள். டாக்டராகப் போகும் இருபது வயதுப் பிள்ளைக்கே அது தேவைப்படுகிறது என்றால், பதிமூன்று வயதுப் பையன் உறுதிமொழியில் கற்றுக்கொள்வான் என்று எப்படி நம்புகிறீர்கள்?

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும். முதுகில் சுரைக்குடுக்கையோ காலி டின்னோ கட்டி, மாமாவோ அண்ணனோ வயிற்றுக்குக் கீழ் கையைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுப்பார்கள். கிணற்றுப் பக்கமே போகாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைதான் லீவுக்கு ஊருக்குப் போய் முழுகியது. போன் விஷயத்தில் நாம் என்ன செய்தோம்? 2020இல் கொரோனா வந்ததும் ஒரே வாரத்தில் போனைக் கையில் கொடுத்து வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிட்டோம், பாடம் அதில்தான் என்று. தள்ளிவிட்டதும் நாம்தான், ஏன் தண்ணி குடிச்ச என்று அடிப்பதும் நாம்தான். (அதுவரை கம்ப்யூட்டர் பீரியட் என்றால் மானிட்டர், மவுஸ் படம் வரைந்து பாகம் குறிப்பது. நானும் அதில் நல்ல மார்க்தான்.)

"இதையெல்லாம் வகுப்பில் பேசினா பசங்களுக்கு ஐடியா கொடுத்த மாதிரி ஆயிடும் டாக்டர்" என்று ஒரு தாளாளர் என்னிடம் சொன்னார். இந்த வாதத்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் ஹெச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நம்ம சென்னையில். ஆணுறை பற்றிப் பேசினால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று அப்போதும் சொன்னார்கள். நான் ஸ்கூல் பையனாக இருந்தபோது சுவரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டது. முகம் சுளித்தவர்கள் சுளித்தார்கள். ஆனால் டீக்கடையில் பேசினார்கள். பேசியதால் யாரும் கெட்டுப்போகவில்லை, சோதனைக்கு வந்தார்கள். அப்படிப் பேசத் தெரிந்த மாநிலம் இது. ஏஐ நிர்வாணப் படம் என்று வகுப்பறையில் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? ஐடியா அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது சார். ஆப்பும் இருக்கிறது. இல்லாதது உங்கள் பேச்சு மட்டும்தான்.

2016இல் சேலம் பக்கம் மார்ஃபிங் படத்தால் ஓர் இளம்பெண்ணை இழந்தபோது ஒரு வாரம் பேசினோம். அப்போது ஒரு படத்தை ஒட்டிச் செய்ய ஃபோட்டோஷாப் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அதுகூட வேண்டாம்.

பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் பக்கங்களில் இருக்கும் பிள்ளைகளின் முகங்களை முதலில் எடுங்கள். ரேங்க் வாங்கிய பிள்ளையின் பெயர், ஊர், மார்க்கோடு ஃபிளெக்ஸ் படம், ஆண்டு விழா ஆல்பம், அழுகிற எல்கேஜி குழந்தையை வைத்து டீச்சர் போட்ட ரீல்ஸ் எல்லாம். போட்டே ஆகவேண்டும் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். அந்தப் பிள்ளையையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். கேட்டுவிட்டுச் செய்வது என்றால் என்ன என்பதைப் பையன்கள் கண்ணால் பார்ப்பதே முதல் பாடம். தன் போட்டோவைக் கேட்காமல் ஏற்றும் பள்ளிக்கூடம், அடுத்தவர் போட்டோவைக் கேட்காமல் தொடாதே என்று சொன்னால் எந்தப் பிள்ளை மதிக்கும்? குளிப்பாட்டும் குழந்தையை ஸ்டேட்டஸ் வைக்கும் சித்தப்பா, பெரியம்மாக்களுக்கும் இது பொருந்தும்.

அப்புறம், சொன்னவன் போனைப் பிடுங்க மாட்டோம் என்று பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாக அறிவியுங்கள். பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்து, நடந்த மாதிரி ஒரு கேஸைக் கொடுத்துப் பேசுங்கள். வெளி ஆள் வேண்டாம், கிளாஸ் டீச்சரே போதும்.

இப்படி ஒரு படம் வந்தால் என்ன செய்வது என்று இன்று இரவே உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். யாருக்கும் அனுப்பக் கூடாது, "டீச்சருக்குக் காட்டத்தான்" என்றுகூட. எந்த நம்பர், எந்த குரூப், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றம் 1930. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் வந்துவிட்டால் அந்த நிறுவனத்திடமே புகார் செய்யலாம். மார்ஃபிங் படம் என்றால் 2 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்று 2026இல் திருத்திய ஐடி விதிகளிலேயே இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அதற்குக் கைரேகை மாதிரி ஓர் எண்ணை உருவாக்கி, அதை மட்டும் நிறுவனங்களுக்குக் கொடுத்து அடையாளம் காண வைக்கிறார்கள். வாட்ஸப்புக்குள் அது எட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனசு தாங்கவில்லை என்றால் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அந்தப் பெண் போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தாள். சாப்பிடுகிறாள். மயக்கம் இல்லை. மனநல மருத்துவரையும் பார்க்கிறாள். வேறு பள்ளிக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது, அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன். கிளம்பும்போது என்னிடம் முதன்முறையாக நேரடியாக ஒரு கேள்வி கேட்டாள். "சார், நான் டான்ஸ் ஆடின போட்டோ இன்னும் ஸ்கூல் பேஜ்ல இருக்கா?"

அவள் முன்னாலேயே என் போனில் பார்த்தேன். இருந்தது. அறுபத்து மூன்று லைக்.

அங்கேயே உட்கார்ந்து அம்மா பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அரைநாள் கூலியை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார் அம்மா.